கேமரா யார் கையில்? களம் யார் காலடியில்?

2014 ஜூலை 26 அன்று மும்பை வொர்லியிலுள்ள என்எஸ்சிஐ உள்ளரங்கில் புரோ கபடி லீக்கின் முதல் ஆட்டம் நடைபெற்றது. யு மும்பா அணியும் ஜெய்ப்பூர் அணியும் மோதின. அந்த முதற்பருவத்தை நாடெங்கும் 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அறிவிக்கப்பட்டது. கிரிக்கெட்டின் ஐபிஎல் நீங்கலாக இந்தியாவில் வேறெந்த லீக்கும் அதுவரை தொட்டிராத எண்ணிக்கை அது. செத்துக்கொண்டிருந்த ஒரு கிராமத்து ஆட்டத்தைத் தொலைக்காட்சி உயிர்ப்பித்துவிட்டது என்ற பேச்சு அன்று தொடங்கியது, இன்றுவரை ஓயவில்லை.

இந்தப் பேச்சு உண்மையன்று. அந்த அரங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே லோயர் பரேலும் லால்பாகும் பிரபாதேவியும் இருக்கின்றன. அங்கே கபடி ஒருநாளும் சாகவில்லை. அங்கு கூடிய கூட்டத்தைக் கேமரா பார்க்காமலிருந்தது என்பதே உண்மை. கிரிக்கெட் அல்லாத விளையாட்டுகள் இணையத்தின் வழியாக எவ்வாறு பார்வையாளர்களைத் திரட்டுகின்றன என்பது இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அந்தப் பார்வையாளர்களை உருவாக்கியவர் யார், அதன் பயன் யாரைச் சேர்கிறது என்ற கேள்விகளைத்தான் எவரும் எழுப்புவதில்லை.

ஆலைப் பகுதி வளர்த்த ரசிகர்கள்

தமிழில் சடுகுடு, மராத்தியில் ஹுதூது, வங்காளத்தில் ஹா-டு-டு எனப் பல பெயர்களில் வழங்கிய இந்த ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவுமில்லை. 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள மண்தரை போதும். ஆகவே அது உழைப்பாளிகளின் ஆட்டமாயிற்று. மும்பையின் பஞ்சாலைப் பகுதியில் வேலைமுறை முடிந்து திரும்பிய தொழிலாளர்கள் சாள்களின் முற்றங்களில் கபடி ஆடினர். தெருவுக்குத் தெரு மண்டல்கள் தோன்றின. 1953ஆம் ஆண்டின் தொழிலாளர் நலநிதிச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழிலாளர் நல வாரியம் ஆலை அணிகளுக்கிடையே போட்டிகளை நடத்தியது. பிரபாதேவியில் இன்றும் கபடி நடைபெறும் ஆலைத் தொழிலாளர் விளையாட்டு மாளிகை, தியாகி பாபு கேணுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1930 டிசம்பர் 12 அன்று அந்நியத் துணி ஏற்றிவந்த லாரியை மறித்து உயிர்நீத்த ஆலைத் தொழிலாளி அவர். ஒரு விளையாட்டுக் கூடத்தின் பெயரிலேயே ஒரு வர்க்கத்தின் வரலாறு அடங்கியிருக்கிறது.

1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தில் சுமார் 2.5 லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் ஈடுபட்டனர். அதன் பின்னர் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அவற்றின் நிலங்களில் வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் எழுந்தன. ஆயினும் மண்டல்கள் கலைந்துவிடவில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் ஆடிய சோனாலி ஷிங்காட்டே லோயர் பரேலைச் சேர்ந்தவர். ஆலை போன பிறகும் அந்த மண்ணில் ஆட்டக்காரர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அவர் ஒரு சான்று.

மும்பைத் தமிழர்களுக்கும் இந்த மரபில் பங்குண்டு. தாராவியில் தோல் பதனிடவும் மூட்டை சுமக்கவும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குச் சடுகுடு புதியதன்று. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்ற மணத்தி கணேசன் தோன்றிய சீமையும் அதுவே. மாதுங்காவில் ரயில்வே பட்டறை, செம்பூரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் எனப் பொதுத்துறை வளர்ந்த காலத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலை பல ஏழை ஆட்டக்காரர்களுக்கு வாழ்வளித்தது. ரயில்வே, ஏர் இந்தியா, வங்கிகள், பெட்ரோலிய நிறுவனங்கள் ஆகியவற்றின் அணிகளே நெடுங்காலம் கபடியையும் கேரத்தையும் தாங்கி நின்றன. நிரந்தர வேலை இருந்ததால் ஆட்டக்காரர் இருந்தார். ஆட்டக்காரர் இருந்ததால் தெருவில் கூட்டம் இருந்தது. பார்வையாளர் என்பவர் தானாக முளைப்பவர் அல்லர். பல தலைமுறைகளின் கூட்டு உழைப்பால் உருவாகிறவர்.

திரை தந்ததும் எடுத்துக்கொண்டதும்

தொலைக்காட்சியும் இணையமும் கபடிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதும் சரியன்று. பாடிப் போகிறவருக்கு 30 விநாடிதான் என்பதைக் காட்டும் கடிகாரம் திரையில் ஓடியது. இரு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாம் முறை புள்ளி எடுத்தே தீர வேண்டும், இல்லையேல் ஆட்டமிழக்க வேண்டும் என்ற விதி வந்தது. மூவரோ அதற்குக் குறைந்தவர்களோ எஞ்சியிருக்கும்போது பிடித்தால் கூடுதல் புள்ளி என்றானது. ஆட்டத்தை முன்பின் அறியாதவரும் ஐந்து நிமிடங்களில் புரிந்துகொண்டு பதறிப் பார்க்க இவை உதவின. ஆட்டக்காரரின் ஊதியமும் உயர்ந்தது. 2014இன் முதல் ஏலத்தில் மிக அதிகமாகக் கொடுக்கப்பட்ட தொகை 12.80 லட்சம் ரூபாய். 2023 ஏலத்தில் பவன் செராவத்துக்குக் கிடைத்தது 2.60 கோடிக்கும் மேல். உழவர் வீட்டுப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் விளையாட்டால் தலைநிமிர்ந்தால் அதைக் குறைத்துப் பேச இடதுசாரிகளுக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் உடைமை யாரிடம் சென்றது என்பதைப் பார்க்க வேண்டும். 2015இல் இந்த லீக்கை நடத்தும் நிறுவனத்தின் 74 விழுக்காட்டுப் பங்குகளை ஸ்டார் இந்தியா வாங்கியது. ஆட்டத்தை நடத்துபவரும் அதை ஒளிபரப்புபவரும் ஒருவரே ஆயினர். 2024 நவம்பரில் ஸ்டார் நிறுவனம் ரிலையன்ஸ் குழுமத்தின் ஊடகப் பிரிவோடு இணைக்கப்பட்டது. 2025 பிப்ரவரி முதல் இணைய ஒளிபரப்பும் ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே செயலிக்குள் அடங்கிவிட்டது. கபடியின் பெருங்கேமரா இன்று நாட்டின் மிகப் பெரிய முதலாளித்துவக் குழுமங்களுள் ஒன்றின் கையில் இருக்கிறது.

அதன் விளைவுகள் கண்கூடு. லீக் பிறந்த மும்பையில் 2024, 2025 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. செலவு குறையும் பொருட்டு மூன்று நான்கு நகரங்களுக்குள் பருவமே முடிக்கப்படுகிறது. யு மும்பா என்ற பெயர் மட்டும் மும்பையுடையது. கூட்டம் திரையில் இருந்தால் போதும், அரங்கில் இருக்க வேண்டியதில்லை என்பது மூலதனத்தின் கணக்கு. லால்பாகின் ரசிகர் தம் நகரின் அணியைக் காணவும் சந்தா கட்ட வேண்டும்.

பெண்களின் நிலை இதனினும் மோசம். 2016இல் மூன்று அணிகளை வைத்து மகளிர் போட்டி ஒன்று ஆண்கள் பருவத்தின் ஓரமாக நடத்தப்பட்டது. அதன்பின் இந்த லீக்கில் மகளிருக்கு இடமில்லை. ஆண்களுக்குப் பன்னிரண்டு பருவங்கள் முடிந்துவிட்டன. இதே காலத்தில் இந்தியப் பெண்கள் 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றனர். 2025 நவம்பரில் டாக்காவில் உலகக் கோப்பையையும் வென்றனர். திறமையில் குறைவில்லை, வெற்றியிலும் குறைவில்லை. விளம்பரதாரரின் கணக்கில் அவர்கள் இன்னும் சரக்காகவில்லை என்பது மட்டுமே குறை.

சிறு கேமராக்களின் வழி

பெருங்கேமரா ஒன்றுதான் வழியா? அல்ல என்பதற்கு மும்பையிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. சர்வதேச மாஸ்டரான சாகர் ஷாவும் அம்ருதா மோகலும் இந்நகரிலிருந்து நடத்தும் செஸ்பேஸ் இந்தியா, எந்தத் தொலைக்காட்சியும் திரும்பிப் பார்க்காத சதுரங்கத்துக்கு இணையத்தில் பெரும் பார்வையாளர் கூட்டத்தைத் திரட்டியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றபோது நாடெங்கும் கொண்டாட்டம் எழுந்ததற்கு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அத்தகையோர் நாள்தோறும் செய்துவந்த வேலையும் ஒரு காரணம். அவர்கள் இறுதிப் போட்டிக்கு மட்டும் வரவில்லை. சிறுவர் போட்டிகளுக்கும் போனார்கள், தோற்றவரிடமும் பேசினார்கள், ஒரு நகர்த்தலின் பொருளைப் புதியவருக்கும் விளங்கவைத்தார்கள். பார்வையாளரைக் கட்டியெழுப்புவது ஒருநாள் பரபரப்பன்று. தொடர்ச்சியும் விளக்கமும் ஆட்டக்காரரை அறிமுகம் செய்தலுமே.

கேரம் அதனினும் எளிய மக்களின் ஆட்டம். 74 சென்டிமீட்டர் சதுரப் பலகை, 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு. மைதானம் வேண்டாம், குடிசைப் பகுதியின் மன்றத்திலும் தெருவிளக்கின் கீழும் ஆடலாம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. 1991, 1995 ஆண்டுகளின் உலக வாகையர் மரிய இருதயம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். பலகைக்கு நேர்மேலே ஒரு கைபேசியைப் பொருத்தினால் முழு ஆட்டமும் ஒரே சட்டகத்துக்குள் அடங்கிவிடும். மகாராஷ்டிரத்திலும் தமிழகத்திலும் கேரம் போட்டிகளும் ஊர்க் கபடிப் போட்டிகளும் இன்று யூடியூபில் நேரலையாக வருகின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் தரவுக் கட்டணம் வீழ்ந்ததும், கைபேசி எளியவர் கைக்கு வந்ததும் இதைச் சாத்தியமாக்கின. துபாயிலும் குவைத்திலும் கட்டட வேலை செய்கிறவர் தம் ஊர் அணி ஆடுவதை அறையிலிருந்தே காண்கிறார்.

எனினும் இந்தச் சிறு கேமராவும் முழுக்க மக்களுடையது அன்று. ஓர் அலைவரிசை விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமாயின் 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணிநேரம் பார்க்கப்பட்டிருக்கும் கணக்கும் வேண்டும் என்பது யூடியூபின் பொது விதி. குறுங்காணொளிகளுக்கு வேறு கணக்குண்டு. வருவாய் வந்தாலும் நீண்ட காணொளிகளின் விளம்பரப் பணத்தில் 45 விழுக்காட்டை அந்நிறுவனமே எடுத்துக்கொள்கிறது. மண்டல் பந்தல் போடுகிறது. ஆட்டக்காரர் முட்டி உடைய ஆடுகிறார். தொண்டர் வெயிலில் நின்று படம்பிடிக்கிறார். கூலி பெறாத இந்த உழைப்பின்மீது வாடகை தண்டுகிற நிலக்கிழாராக மேடை நிறுவனம் அமர்ந்திருக்கிறது. எது எவர் கண்ணில் பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கீட்டு முறையும் அதன் இரகசியமே. நாற்பது நிமிட ஆட்டம் பின்தள்ளப்படுகிறது. அதிலிருந்து வெட்டியெடுத்த பதினைந்து விநாடித் துண்டு முன்னே தள்ளப்படுகிறது. துண்டைப் பார்த்தவர் ரசிகராவதில்லை. அடுத்த துண்டுக்குப் போய்விடுகிறார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. அதிகம் அறியப்படாத விளையாட்டுகளை இணையத்தில் ஒளிபரப்பும் ஃபேன்கோட் நிறுவனமும், பணம் கட்டிக் கற்பனை அணி அமைக்கும் ஆட்டத்தை நடத்திய ட்ரீம்11 நிறுவனமும் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. எந்நேரமும் ஏதேனும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால்தான் எந்நேரமும் பணம் கட்டவைக்க முடியும். சிறு விளையாட்டுகளின்மீது பெருநிறுவனங்களுக்குத் திடீரெனப் பிறந்த பாசத்தை இந்தப் பின்னணியிலும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. சூதாட்டப் பணத்தில் நிற்கும் ஒளிபரப்பு அந்தப் பணம் போனால் தானும் போய்விடும் என்பதே இதிலுள்ள பாடம்.

கண்ணகி நகரும் தாராவியும்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவர் கார்த்திகா, சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். சில நாட்களுக்குள் அவருடைய பெயர் தமிழ் பேசும் அனைவரின் கைபேசிகளிலும் வலம்வந்தது. தமிழக அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. மகிழத்தக்கதே. ஆனால் கண்ணகி நகர் எப்படி உண்டாயிற்று என்பதை அந்தக் காணொளிகளில் பெரும்பாலானவை சொல்லவில்லை. சென்னையின் நடுப்பகுதியில் ஆற்றோரங்களிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த ஏழைகளைப் பெயர்த்தெடுத்து நகருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. பிழைப்பும் பள்ளியும் தொலைவில் விடப்பட்ட ஒரு குடியிருப்பிலிருந்துதான் அந்தப் பெண் எழுந்து வந்தார். கேமரா பதக்கத்துக்குப் பிறகு வந்தது. அவர் பயின்ற ஆண்டுகளில் வரவில்லை.

கண்ணகி நகர் இன்று தாராவிக்கு ஓர் எச்சரிக்கை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடும் மாநில அரசுக்கு 20 விழுக்காடும் பங்கு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்பவர்களுக்கே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதன்பின் வந்தவர்களும் மேல்தளங்களில் குடியிருப்பவர்களும் வெளியே போக வேண்டும். அதற்கெனக் குறிக்கப்பட்ட இடங்களில் ஒன்று, செம்பூருக்கு அப்பால் 1927 முதல் நகரின் குப்பையைச் சுமந்து நிற்கும் தேவனார் மேடு. தாராவியிலிருந்து ஒரு குடும்பம் பெயரும்போது வீட்டோடு கடையும் தொழிலும் மட்டும் போவதில்லை. மண்டல் போகிறது, மாலையில் கூடும் அணி போகிறது, பக்கத்துத் தெருவில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மூத்தவர் வேறு திசைக்குப் போய்விடுகிறார். இவற்றுக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடமே கிடையாது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஆண்கள் கபடிக் களத்தின் பரப்பு 130 சதுர மீட்டர். திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வாக்களிக்கப்படும் 350 சதுர அடி என்பது சுமார் 32.5 சதுர மீட்டர். ஆக நான்கே நான்கு சிறு வீடுகளின் பரப்பில் ஒரு கபடிக் களம் அமைந்துவிடும். ஏறத்தாழ 240 ஹெக்டேர் பரப்புள்ள தாராவியை அடியோடு மாற்றப்போவதாகச் சொல்கிறவர்களிடம், ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் இத்தனை சிறிய ஒரு களத்தையாவது பொதுச் சொத்தாக, கட்டணமின்றி, எழுத்தில் உறுதி செய்யுமாறு கேட்பது பேராசையா? மும்பையில் ஒருவருக்குள்ள திறந்தவெளி ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதல். 2034ஆம் ஆண்டுக்கான நகர வளர்ச்சித் திட்டம் இலக்காகக் கொண்டதோ 4 சதுர மீட்டர். களம் இல்லாவிட்டால் ஆட்டமில்லை. ஆட்டம் இல்லாவிட்டால் கேமரா எதைக் காட்டும்?

இடதுசாரிகளின் கடமை

இந்தத் துறையை இடதுசாரிகள் இதுவரை அலட்சியமாகவே விட்டுவைத்திருக்கின்றனர். முற்போக்கு ஏடுகளிலும் விளையாட்டு என்றால் பதக்கச் செய்தியும் கிரிக்கெட் வணிகம் பற்றிய கண்டனமும்தான். உழைக்கும் மக்களின் இளைஞர்கள் மாலைப் பொழுதை எங்கே கழிக்கிறார்கள் என்பதைக் கவனியாத இயக்கம் அவர்களை எங்கே சந்திக்கப்போகிறது? களங்களிலும் மண்டல்களிலும் மதவாத அமைப்புகள் இந்தக் காலியிடத்தைக் கண்டுகொண்டு நெடுநாளாயிற்று.

செய்யக்கூடியவை பல. முதலாவதாக, வாலிபர் அமைப்புகளும் மாதர் அமைப்புகளும் தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் கபடி, கேரம் போட்டிகளைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்ய முன்வரலாம். கைபேசி, தாங்கி, ஒலிவாங்கி, நேர்மையாகப் புள்ளி எழுதும் ஒருவர், தமிழிலும் மராத்தியிலும் ஆட்டத்தை விளக்கும் இருவர் இருந்தால் வேலை தொடங்கிவிடும். அலைவரிசை கட்சியின் பெயரில் இருக்க வேண்டியதில்லை. மண்டல்களின் கூட்டு உடைமையாக இருக்கட்டும். பெண்கள் ஆட்டத்துக்கு முதலிடம் தரப்பட வேண்டும். சிறுமிகளின் காணொளிகளை வெளியிடப் பெற்றோரின் சம்மதமும், இழிவான பின்னூட்டங்களை உடனுக்குடன் நீக்கும் பொறுப்பும் கட்டாயம். சூதாட்ட விளம்பரம் எந்த வடிவிலும் கூடாது.

இரண்டாவதாக, பொது ஒளிபரப்பின் மீதான உரிமையைக் கோர வேண்டும். தேசிய முக்கியத்துவமுள்ள விளையாட்டு நிகழ்வுகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனங்கள் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டுமென 2007ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2024 நவம்பரில் பிரசார் பாரதி தனக்கென வேவ்ஸ் என்ற இணைய மேடையையும் தொடங்கியது. மகளிர் தேசியக் கபடி, கேரம், கோ-கோ போட்டிகளை அதில் வட்டார மொழி விளக்கத்துடன் கட்டணமின்றி ஒளிபரப்பப் பொதுப் பணம் செலவிடப்பட வேண்டும். அது மக்களின் வரிப்பணம்.

மூன்றாவதாக, பொதுத்துறையின் விளையாட்டு வேலைகளைக் காக்கும் போராட்டத்தைத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடாவுக்குக் கைமாறியது. தேனா வங்கி 2019 ஏப்ரலில் வேறொரு வங்கியோடு இணைக்கப்பட்டது. விற்பனையும் இணைப்பும் நடக்கும்போது சுருங்குவது ஊழியர் எண்ணிக்கை மட்டுமன்று. ஏழை ஆட்டக்காரருக்கு இருந்த நிரந்தர வேலையின் வாசலும் சுருங்குகிறது. லீக் தரும் கோடிகள் சிலருக்குச் சில ஆண்டுகள். முழங்கால் போனால் எல்லாம் போயிற்று. மாதச் சம்பளம் ஓய்வுபெறும்வரை.

நான்காவதும் முதன்மையானதும் களம். தாராவியின் குடியிருப்பு உரிமைப் போராட்டத்தில், வீடு, கடை, பட்டறை ஆகியவற்றோடு விளையாட்டுக் களமும் உரிமையாக முழங்கப்பட வேண்டும். தாராவிச் சந்தொன்றின் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்த பல்லாயிரவர், அந்தக் களம் பறிபோகும் நாளில் அதைக் கேட்கும் குரலாகவும் மாறக்கூடும். பார்வையாளரைத் திரட்டுவதன் அரசியல் பொருள் இதுவே. பெருநிறுவனத்துக்குப் பார்வையாளர் என்பவர் விளம்பரதாரருக்கு விற்கப்படும் தலைக்கணக்கு. இயக்கத்துக்கு அவர் அந்த ஆட்டத்தின், அந்தத் தெருவின், அந்த மக்களின் பக்கம் நிற்கக்கூடிய மனிதர்.

பாபு கேணுவின் பெயர் தாங்கிய மாளிகையைத் தொழிலாளர்களின் நலநிதி கட்டிக் காத்தது. எந்த விளம்பரதாரரும் அல்லர். கேமராவையும் களத்தையும் அவ்வாறே மக்களின் கூட்டு உடைமையாக்கும் பணி தோழர்களின் முன் நிற்கிறது. அதை அடுத்த தெருவின் அடுத்த போட்டியிலேயே தொடங்கலாம்.